நுரையீரல் நோயும் நாலு சுவரும்: அடைந்து கிடப்பவரைப் படிப்படியாக வெளியே கொண்டுவருவது எப்படி

சிஓபிடி (மூச்சுக்குழாய் குறுகிக் காற்று வெளியேறத் திணறும் நாள்பட்ட நோய்), நுரையீரல் தழும்பு நோய், மூச்சுக்குழாய் விரிவு நோய் என எதுவானாலும், நோய் முற்றியதும் வீட்டார் முதலில் செய்வது ஓர் அறையை ஒழித்துக் கொடுப்பது. "நீங்க எழுந்திருக்கவே வேண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்று பாசத்தோடுதான் சொல்கிறார்கள். சளிக்காய்ச்சல் தொற்றிவிடுமோ என்ற பயமும் நியாயமானதே. ஆனால் மாதக்கணக்கில் அந்த அறையிலேயே இருப்பவருக்கு இளைப்பு கூடிக்கொண்டே போகும். நோய் முற்றுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த இளைப்பில் ஒரு பங்கு அடைந்து கிடந்ததால் வந்தது. அந்தப் பங்கைப் பெருமளவு மீட்க முடியும்.

உள்ளே நடப்பது என்ன?

நடக்காதவருக்கு முதலில் தேய்வது தொடைத் தசை. தேய்ந்த தசை சிறு வேலைக்கே லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். உடல் அதைச் சமன்செய்யும்போது கரியமில வாயு கூடும். அதை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கும். சிஓபிடியில் மூச்சு வேகமானால் உள்ளே போன காற்று முழுதும் வெளியேற நேரம் கிடைக்காது. மிச்சக் காற்று தங்கி மார்பு ஊதிக்கொள்ளும், அடுத்த மூச்சுக்கு இடமிருக்காது. கழிவறை வரை போனதற்கே இப்படி ஆனால், அடுத்த நாள் அந்த நடையையும் குறைக்கத் தோன்றும். தொடை இன்னும் தேயும்.

பயமும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. பயந்தால் மூச்சு வேகமாகும், காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும், பயம் கூடும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் இந்தச் சுழல் சீக்கிரம் தொடங்கும். தனியாகச் சாப்பிடுபவருக்குச் சாப்பாடு குறைந்து எடை இறங்கும். வெயில் படாததால் வைட்டமின் டி குறையும். ஸ்டீராய்டு மாத்திரையால் ஏற்கெனவே எலும்பு மெலிந்தவருக்கு இது கூடுதல் கேடு. இன்ஹேலர் எடுக்கும் முறை தப்பிப்போனாலும் திருத்த யாரும் இருக்கமாட்டார்கள்.

முதல் வாரம்: அளந்து எழுதுங்கள்

கை வைக்காத, ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை ஊன்றாமல் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். நடுவில் நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் ஓடட்டும். முன்னும் பின்னும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் பாருங்கள். அளவு பெரும்பாலும் வேலையை நிறுத்திய பிறகுதான் அடிமட்டத்துக்கு இறங்கும், அதனால் உட்கார்ந்த பிறகும் ஒரு நிமிடம் கருவியை எடுக்காதீர்கள். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அளவு தவறும். கருத்த தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும்.

எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 88 சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்தச் சொல்வதே பரவலான வழக்கம். தழும்பு நோயில் அளவு மளமளவென இறங்கும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், நுரையீரல் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும், சமீபத்தில் நோய் கிளம்பி (திடீரென மோசமாகி) அடங்கியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சோதனையைத் தொடங்க வேண்டாம்.

எடையையும் குறியுங்கள். முயற்சி செய்யாமலே ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இவற்றோடு இன்னொன்றையும் எழுதச் சொல்கிறோம்: இன்று எத்தனை பேரோடு ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசினார்? வாரம் முழுக்கப் பூஜ்யமாகவே இருந்தால், இளைப்பைப் போலவே அதற்கும் வைத்தியம் வேண்டும்.

நடை

0 முதல் 10 வரையான இளைப்பு அளவுகோலில் 3, 4 என்ற இடத்தில் நடக்க வேண்டும். அதாவது இளைக்கும், ஆனாலும் ஒரு சின்ன வாக்கியம் பேசி முடிக்க வரும். பாட்டுப் பாடவே வந்தால் வேகம் போதாது. ஒற்றைச் சொல்லுக்கே திணறினால் அதிகம்.

அறைக்குள்ளேயே இரண்டு நிமிடம் நடந்து, மூச்சு அடங்கும்வரை உட்கார்ந்து, மறுபடி நடப்பது என ஐந்து சுற்று. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு சுற்றிலும் அரை நிமிடம் கூட்டுங்கள். மொத்தம் 20 முதல் 30 நிமிடம், வாரம் ஐந்து நாள் என்பது இலக்கு. அதோடு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை ஐந்தைந்தாக மூன்று முறை. எழும்போது உதட்டைக் குவித்து ஊத வேண்டும், உட்காரும்போது மூக்கால் இழுக்க வேண்டும். பெரும்பாலோர் எழும் நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது முறையிலேயே திணறுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு தப்பு, உடம்பு நன்றாக இருக்கும் நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவது. நல்ல நாளிலும் நோட்டில் உள்ள கணக்கைத் தாண்ட வேண்டாம். ஆக்சிஜனில் இருப்பவர் நடப்பதற்காகக் குழாயைக் கழற்றக் கூடாது. நடக்கும்போது எத்தனை லிட்டர் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். நீளக் குழாய் காலில் சிக்கி விழுவது சாதாரணமாக நடக்கிறது, குழாயை எப்போதும் ஒரே பக்கமாகப் போட்டுப் பழகுங்கள்.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்குமானால் விடாதீர்கள். குறைந்தது ஆறிலிருந்து எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு முறை மேற்பார்வையில் நடக்கும். தன்னைப் போலவே இருமிக்கொண்டு, குழாயோடு நடக்கும் நாலு பேரைப் பார்ப்பதே அங்கே பாதி மருந்து.

பேச்சு

ஃபோன் வந்தால் இவர் எடுப்பதில்லை என்று சொந்தக்காரர்கள் வருத்தப்படுவார்கள். உண்மையில் கையைத் தூக்கி ஃபோனைக் காதில் வைத்திருப்பதே இவருக்குக் கடும் வேலை. மூச்சுக்குக் கைகொடுக்க வேண்டிய கழுத்துத் தசையும் தோள்பட்டைத் தசையும் கையைத் தாங்கப் போய்விடுகின்றன. ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போடுங்கள். முழங்கைகள் இரண்டும் மேசையில் ஊன்றியிருக்க, உடம்பு சற்று முன்னால் சாய்ந்திருக்கட்டும். இரவிலும் சாப்பிட்ட உடனேயும் கூப்பிட வேண்டாம். காலை மருந்து எடுத்துச் சளி வெளியேறிய பிறகு நல்ல நேரம்.

கூப்பிடுபவர் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்ளட்டும். "எப்படி இருக்கீங்க?" என்றால் நீளமாகப் பதில் சொல்ல வேண்டிவரும். தன் வீட்டுக் கதையைச் சொல்லி, ஓரிரு சொல்லில் பதில் வரும்படி கேளுங்கள். நடுவில் மௌனம் வந்தால் மூச்சு வாங்குகிறார் என்று அர்த்தம், அதை நிரப்பப் பறக்க வேண்டாம். பேசவே முடியாத நாளில் வீடியோவைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பதும் துணைதான்.

ஆட்களைச் சந்திக்க

முதலில் தடுப்பூசி. ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி, நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி, மருத்துவர் சொல்லும் மற்றவை நோயாளிக்கும், ஃப்ளூ ஊசி வீட்டில் உள்ளவர்களுக்கும். மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு உள்ளவர் எவ்வளவு நெருங்கியவரானாலும் அன்று வரக் கூடாது. இதை நோயாளியின் வாயால் சொல்ல வைக்காதீர்கள், வீட்டார் சொல்லுங்கள்.

திண்ணை, மொட்டைமாடி, தோட்டம் என்று திறந்த இடம் மிக நல்லது. உள்ளே என்றால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஒரே நேரத்தில் இரண்டு பேர், அரை மணி நேரம். வாசனைத் திரவியம், ஊதுபத்தி, புகை கூடாது. ஆக்சிஜன் ஓடும் இடத்திலிருந்து மூன்று மீட்டருக்குள் எந்த நெருப்பும் கூடாது.

வெளியே போகத் தயங்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் வெட்கம் இருக்கும். இருமும்போது சிறுநீர் கசிவது, எல்லோர் முன்னும் சளி துப்புவது, மூக்கில் குழாய். அவராகச் சொல்லமாட்டார். மூடியுள்ள சிறு டப்பா, டிஷ்யூ, உறிஞ்சும் உள்ளாடை எல்லாம் போட்டு ஒரு பையைத் தயாராக வைத்துவிடுங்கள். கசிவுக்கு இடுப்பு அடித்தளத் தசைப் பயிற்சி உண்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார்.

தனியே இருக்கும்போது திணறல் வந்தால்

உட்கார்ந்து முன்னால் சாய்ந்து முழங்கைகளை முழங்காலில் ஊன்றுங்கள். சின்னக் கை விசிறியை முகத்துக்கு அரை அடி தள்ளிப் பிடித்து மூக்கிலும் மேலுதட்டிலும் காற்றுப் படவிடுங்கள். அந்த இடத்தில் குளிர்ச்சி பட்டால் மூளை உணரும் திணறல் குறைகிறது. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணும்வரை விடுங்கள். "நல்லா இழு" என்று பக்கத்தில் இருப்பவர் கத்தக் கூடாது, சிஓபிடியில் கஷ்டம் காற்றை வெளியே விடுவதில்தான். மருத்துவர் எழுதித் தந்த அவசர இன்ஹேலரை அவர் சொன்ன முறைப்படி எடுத்தும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால், பயம்தான் என்று ஒதுக்காமல் உதவிக்குக் கூப்பிடுங்கள்.

தினமும் ஒரு ஜோடிக் கண்

நோய் கிளம்புவதை நோயாளியைவிட மற்றவரே முதலில் கவனிப்பது உண்டு. தனியாக இருப்பவர் "சரியாயிடும்" என்று நாளைக் கடத்துகிறார். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் ஒருவர் கேட்க வேண்டும்: சளி கூடியதா, நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதா? அவசர இன்ஹேலர் நேற்று எத்தனை தடவை? கூடுதல் தலையணை தேவைப்பட்டதா, கால் வீங்கியதா? வழக்கத்திலிருந்து மாறியிருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

வாக்கியத்தை முடிக்க முடியாத திணறல், உதடு நீலமாவது, குழறிய பேச்சு, எழுப்பினாலும் தூங்கி விழுவது இவையெல்லாம் அவசர ஊர்தியைக் கூப்பிட வேண்டிய அறிகுறிகள். காலையில் தலைவலியும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் கரியமில வாயு தேங்கியிருக்கலாம், அன்றே காட்டுங்கள். இந்த நிலையில் ஆக்சிஜனை நீங்களாகக் கூட்டினால் சிலருக்கு மயக்கம் ஆழமாகும். "தனிமையில் தூக்கம் வரலை" என்று தூக்க மாத்திரை கேட்பவருக்கும் நுரையீரல் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் கொடுக்காதீர்கள், மூச்சை அமுக்கும்.

இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, மனம் கனத்தே இருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் அன்று அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள்.

இடையில் நோய் கிளம்பி மருத்துவமனைக்குப் போய்வந்தால் பழைய கணக்கு செல்லாது. மருத்துவர் சம்மதித்ததும் நடையையும் எழுந்து உட்காருவதையும் பாதி எண்ணிக்கையில் தொடங்குங்கள். மறுவாழ்வுப் பயிற்சிக்கான சீட்டையும் வீடு திரும்பும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். திரும்பிய நான்கு வாரத்துக்குள் அதைத் தொடங்குவது நல்லது.