சிங்கப்பூரின் மறுபயனீட்டுக் கணக்கை வாசிக்கும் முறை

தேசிய சுற்றுப்புற அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் குப்பைக் கணக்கை நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நீங்களும் செய்யலாம், கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் இரண்டு எடைகளை எடுங்கள்: மறுபயனீட்டுக்குப் போனது, எரிஆலைக்கும் செமக்காவ் தீவிலுள்ள குப்பை நிரப்பிடத்துக்கும் போனது. இரண்டையும் கூட்டினால் நாட்டின் மொத்தக் கழிவு. 2023இல் அது 68.6 லட்சம் டன். அதில் 35.8 லட்சம் டன் மறுபயனீட்டுக்குப் போயிருக்கிறது. வகுத்துப் பாருங்கள், 52 விழுக்காடு வரும். முந்தைய ஆண்டு 57.

சரி, இங்கேயே நின்றுவிடாதீர்கள். கட்டட இடிபாடு ஏறக்குறைய முழுவதும் மறுபயனீடாகிறது, எடையும் அதிகம். இடிப்பு வேலை குறைந்தாலே மொத்த விழுக்காடு இறங்கிவிடும். உங்கள் வீட்டுப் பழக்கத்தை அந்த எண் காட்டாது.

அதனால் வீட்டுக் கழிவின் மறுபயனீட்டு விழுக்காட்டைத் தனியாகத் தேடுங்கள். 2023இல் வெறும் 12 விழுக்காடு! 2030க்கான இலக்கு 30. அப்புறம் பொருள்வாரி அட்டவணையில் பிளாஸ்டிக்கைப் பாருங்கள்: 5 விழுக்காடுதான். அதை எழுதிய அன்று மனசு கனத்தது. எங்கள் புளோக்கின் கீழே இருக்கும் நீல மறுபயனீட்டுத் தொட்டியில் சோற்றுப் பொட்டலத்தைப் போடுகிறார்கள், பக்கத்தில் இருக்கும் நல்ல அட்டையும் நனைந்து வீணாகிறது. இப்போது நான் பால் டப்பாவைக் கழுவிக் காயவைத்த பிறகே கீழே எடுத்துப் போகிறேன்.