ஆந்த்ராக்ஸ் தாக்குதல்: சுகாதாரத் திட்டத்தில் செய்யக்கூடாத தவறுகள்

ஆந்த்ராக்ஸ் கிருமியை யாராவது வேண்டுமென்றே பரப்பினால் என்ன செய்வது என்று திட்டம் போடுகிறவர்கள், 2001-இல் அமெரிக்காவில் நடந்ததை முதலில் படிக்க வேண்டும். தபாலில் வந்த தூளால் 22 பேருக்கு நோய் வந்தது, 5 பேர் இறந்தார்கள்.

அதில் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத தவறு ஒன்று உண்டு. அக்டோபர் 15 அன்று செனட்டர் டாஷ்லின் அலுவலகத்தில் அந்தத் தூள் இருந்த கடிதம் ஒன்று பிரிக்கப்பட்டதும் அங்கே இருந்தவர்களுக்கு உடனே ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். அந்தக் கடிதம் கடந்துவந்த பிரெண்ட்வுட் தபால் நிலையமோ 21-ஆம் தேதி வரை வழக்கம்போல ஓடியது. ஒட்டிய உறையிலிருந்து தூள் கசியாது என்று நினைத்துவிட்டார்கள். கசிந்தது. அங்கே வேலை பார்த்த இருவர் இறந்தார்கள், அதில் ஒருவர் மருத்துவமனைக்குப் போயும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர். ஆக, பொருள் திறக்கப்பட்ட இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், அது வந்த வழி முழுவதையும் பாருங்கள். தபால்காரர், துப்புரவுப் பணியாளர், ஒப்பந்தத் தொழிலாளர் எல்லோரும் முதல் பட்டியலிலேயே இருக்க வேண்டும். அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கும் அன்றைக்கே தகவல் போக வேண்டும், ஏனென்றால் மூச்சு வழியாக வரும் ஆந்த்ராக்ஸ் ஆரம்பத்தில் சாதாரணக் காய்ச்சல் போலத்தான் இருக்கும்.

அவசரப்பட்டு ஆறுதல் சொல்வதும் தவறுதான். ஃபுளோரிடாவில் முதல் நோயாளி உறுதியானபோது, அவர் ஓடைத் தண்ணீர் குடித்தார் என்று சுகாதார அமைச்சர் டாமி தாம்ப்சன் நிருபர்களிடம் சொன்னார். அதற்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மக்கள் தாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் மாத்திரை. கையில் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. ஸ்போர்கள், அதாவது கிருமியின் உறங்கும் வித்துகள், நுரையீரலில் வாரக்கணக்கில் தங்கும்; 1979-இல் சோவியத் நாட்டு ஸ்வெர்த்லோவ்ஸ்க்கில் ராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து கிருமி கசிந்தபோது, சிலர் ஆறு வாரம் கழித்துக்கூட நோயில் விழுந்தார்கள். அதனால்தான் 60 நாள் மருந்து. ஆனால் 2001-இல் அந்த 60 நாள் மருந்து பரிந்துரைக்கப்பட்ட சுமார் 10,000 பேரில் பாதிப் பேர்கூட முழுசாகச் சாப்பிடவில்லை. வயிற்றைப் புரட்டினால் யாரிடம் கேட்பது, தீர்ந்தால் எங்கே வாங்குவது, நடுவில் யார் போன் செய்து விசாரிப்பது என்பதெல்லாம் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, மூக்கில் எடுக்கும் ஸ்வாப், அதாவது பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துச் செய்யும் சோதனை. அது கிருமி எந்தப் பகுதிவரை பரவியது என்று கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான். அதில் ஒன்றும் இல்லை என்று வந்ததை வைத்து யாருடைய மருந்தையும் நிறுத்தக்கூடாது.