குரூப் மெசேஜ் குவியலில் கன்டெய்னரைத் தொலைக்காமல் இருக்க

மண்ணடி, ராஜாஜி சாலைப் பக்கம், இறக்குமதிச் சரக்கை கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியும். கன்டெய்னரை எடுக்க அனுமதிக்கும் டெலிவரி ஆர்டர் (டி.ஓ.) லைன்காரரிடமிருந்து, அதாவது கப்பல் கம்பெனியிடமிருந்து, மெயிலில் வரும், சரக்குக்குச் சொந்தக்காரரான பார்ட்டி அதையே வாட்ஸ்அப்பில் தள்ளுவார், நம்ம பையன் அதை போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுவான், இவ்வளவும் நடந்த பிறகு ட்ரெய்லர் டிரைவர் எண்ணூர் ரோட்டில் நின்றுகொண்டு "அண்ணே, டி.ஓ. இன்னும் வரலையே" என்று போன் பண்ணுவார். ஒரே காகிதம் நாலு இடத்தில் இருக்கிறது, தேவைப்படுகிற நேரத்தில் ஒரு இடத்திலும் கைக்கு வருவதில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை மட்டும் மெயில் பாருங்கள் என்பது. நம்ம தொழிலுக்கு அது ஆகாது. இறக்குமதிக்காக கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு நாளுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளுக்கு 10,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறபோது மெயிலை மூடிவைத்துவிட்டு உட்கார முடியுமா? வருவதையெல்லாம் படித்து முடிக்கவும் யாராலும் முடியாது. அதனால் படிக்கிற வேலையைக் குறைத்து, தேடினால் உடனே கிடைக்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். இதில் நமக்கு ஒரு வசதி, நம்ம வேலையில் எல்லாவற்றுக்கும் ஒரு எண் உண்டு.

அங்கிருந்தே ஆரம்பியுங்கள். கன்டெய்னர் எண் என்பது நாலு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். அதை ஒருத்தர் இடைவெளி விட்டு எழுதுவார், இன்னொருத்தர் கடைசி இலக்கத்துக்கு முன்னால் கோடு போடுவார், மூன்றாமவர் "அந்த 4417 வண்டி" என்பார். மனுஷனுக்குப் புரியும், ஜிமெயிலுக்குப் புரியாது. அது முழுச் சொல்லாகத் தேடுகிற ஆள், கடைசி நாலு இலக்கத்தை மட்டும் போட்டால் கைவிரித்துவிடும். எனவே ஆபீஸில் ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: பதினொன்றையும் ஒட்டி, இடைவெளி இல்லாமல், மெயில் சப்ஜெக்ட்டில் முதலில், ஃபைல் பெயரில் முதலில், வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டால் அதன் கீழே. வாய்ஸ் நோட் அனுப்பியே தீருவேன் என்கிறவரிடம் எண்ணை மட்டுமாவது தனியாக டைப் பண்ணச் சொல்லுங்கள். கூடுதலாக ஒன்று: ஏழாவது இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருகிற சரிபார்ப்பு இலக்கம், எங்காவது ஒரு எழுத்து மாறியிருந்தால் பெரும்பாலும் அது இடித்துக் காட்டிவிடும்.

அடுத்து ஜிமெயில் ஃபில்டர். இதை மொபைல் ஆப்பில் செய்ய முடியாது, கம்ப்யூட்டரில்தான் முடியும், அதனாலேயே பலர் தொடுவதில்லை. தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் குறியை அழுத்தி, லைன்காரரின் மெயில் முகவரியையோ சப்ஜெக்ட்டில் வழக்கமாக வரும் சொல்லையோ போட்டு, 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்து, 'டி.ஓ.' என்று ஒரு லேபிளை ஒட்டச் சொல்லுங்கள். பழைய மெயில்களுக்கும் பொருந்தட்டும் என்கிற கட்டத்தையும் டிக் பண்ணிவிடுங்கள். கட்டண அட்டவணை, கப்பல் வரும் தேதிப் பட்டியல், பேங்க் விளம்பரம், பண்டிகை வாழ்த்து மாதிரியானவற்றுக்கு இன்னொரு ஃபில்டர், அதில் 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்'. அவை அழியாது, தேடினால் இருக்கும், கண்ணில் மட்டும் படாது.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, இதுதான் உண்மையில் நிம்மதி தருவது. ஆண்ட்ராய்டு போனில் ஜிமெயில் செட்டிங்ஸுக்குள் உங்கள் கணக்கைத் திறந்து, 'மேனேஜ் லேபிள்ஸ்' போனால் ஒவ்வொரு லேபிளுக்கும் தனியாக நோட்டிஃபிகேஷன் வைக்கலாம், முதலில் அந்த லேபிளை சிங்க் ஆகும்படி மாற்ற வேண்டும். இன்பாக்ஸுக்குச் சத்தத்தை அணைத்துவிட்டு 'டி.ஓ.'வுக்கு மட்டும் மணி அடிக்க விடுங்கள். விம்கோ நகர் மெட்ரோவில் வீட்டுக்குப் போகும்போது போன் அடித்தால் அது நிஜமாகவே பார்க்க வேண்டிய விஷயம் என்று தெரியும்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். அசோசியேஷன் குரூப், ட்ரெய்லர் குரூப், ஒவ்வொரு பார்ட்டிக்கும் ஒரு குரூப், போன வருஷமே முடிந்துபோன ஷிப்மென்ட்டுக்கான குரூப். வெளியே வந்தால் தப்பாக நினைப்பார்களே என்று யாரும் வருவதில்லை. வர வேண்டாம், ஆர்க்கைவ் பண்ணுங்கள். சாட் செட்டிங்ஸில் 'கீப் சாட்ஸ் ஆர்க்கைவ்டு' போட்டுவிட்டால் புது மெசேஜ் வந்தாலும் அந்த குரூப் மேலே ஏறி வராது, உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலோ உங்களுக்குப் பதில் போட்டாலோ மட்டும் தெரியும். யாருக்கும் வருத்தமும் இல்லை. நடப்பு வேலைக்கான குரூப்புகளில் யார்டு இடம், சர்வேயர் வரும் நேரம் மாதிரி ஒன்றை 'பின்' பண்ணிவைக்கலாம், 24 மணி நேரமோ 7 நாளோ 30 நாளோ நிற்கும். ஸ்டோரேஜ் செட்டிங்ஸில் மீடியா ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே இன்வாய்ஸைத் தேடுகிற வேலை பாதி குறையும். அப்புறம், அவசரம் என்றால் குரூப்பில் போடாதே, போன் பண்ணு என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். பெரிய ஆப் எதுவும் இதைச் செய்துதராது.

இனி, எது எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு கூகுள் ஷீட். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் நல்லதுதான், ஆனால் ஆறு பேர் இருக்கிற ஆபீஸுக்கு ஷீட் போதும் என்பது என் எண்ணம். கன்டெய்னர் எண், பார்ட்டி, பில் ஆஃப் என்ட்ரி எண், எந்த சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் வைக்கப்படும் சரக்கு நிலையம்), டி.ஓ. வந்ததா, ஃப்ரீ டேஸ் (கட்டணமில்லாமல் கன்டெய்னரை வைத்துக்கொள்ள லைன்காரர் தரும் நாட்கள்) முடியும் தேதி, இப்போது யார் கையில். இதற்கு மேல் பத்தி சேர்க்காதீர்கள், சேர்த்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள். ஃப்ரீ டேஸ் பத்திக்கு கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டு, முடிய இரண்டு நாளோ அதற்குக் குறைவோ இருந்தால் கட்டம் சிவப்பாகட்டும். காலையில் வந்ததும் சிவப்பை மட்டும் பாருங்கள். அந்த நாட்கள் தாண்டியதற்கு டிடென்ஷன் கட்டணம் கட்டிவிட்டு பார்ட்டியிடம் வசவு வாங்குவதை விட இது லேசு. குரூப்பில் "ஸ்டேட்டஸ் என்ன சார்" என்று கேட்கிறவருக்கும் பதில் ஷீட்டிலிருந்துதான் போக வேண்டும். குரூப்பிலேயே அலசிப் பதில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டே வாரத்தில் ஷீட்டை யாரும் தொட மாட்டார்கள்.

சுற்றறிக்கைகள் தனி ரகம். ஒரே பி.டி.எஃப். ஐந்து குரூப்பில் வரும், அதில் ஒன்று மூன்று வருஷம் பழையதாக இருக்கும். ஃபார்வர்டை நம்பி வரி கணக்குப் போடாதீர்கள். மத்திய மறைமுக வரிகள், சுங்க வாரியமான சி.பி.ஐ.சி.யின் தளத்தையும் சென்னை கஸ்டம்ஸ் தளத்தின் பொது அறிவிப்புப் பக்கத்தையும் காலையில் பார்க்க ஒருத்தரை நியமித்து, எண்ணும் தேதியும் போட்டு அவர் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஐ. சாட்டில் மெயில் சங்கிலியைப் போட்டுச் சுருக்கம் கேட்கிறார்கள் சிலர். நீளமான கடிதப் போக்குவரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணும் தேதியும் தப்பாகச் சொல்லிவிட்டு அசராமல் நிற்கும், அதனால் மூலத்தோடு ஒப்பிடாமல் ஷீட்டில் ஏற்ற வேண்டாம். பார்ட்டியின் இன்வாய்ஸை இலவசக் கணக்கில் ஏற்றுவதும் வேண்டாம், விலை விவரம் அவருடைய சொத்து.

முடிந்த வேலையைச் சனிக்கிழமை மதியம் ஷீட்டின் இரண்டாவது பக்கத்துக்கு மாற்றுங்கள், அந்த கன்டெய்னரின் காகிதங்களை டிரைவில் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். அழிக்க மட்டும் செய்யாதீர்கள், கஸ்டம்ஸ் புரோக்கர் ஆவணங்களைக் குறைந்தது ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது 2018 விதிமுறை. கூகுளின் இலவச இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜி.பி.தான், நிரம்பினால் புது மெயில் உள்ளே வராது. அந்த நிலைக்கு முன்னாலேயே ஜிமெயில் தேடலில் 10 எம்.பி.க்கு மேற்பட்ட மெயில்களை மட்டும் வரவழைத்து, இணைப்புகளை வருஷவாரியாக ஹார்ட் டிஸ்கில் இறக்கி, ஒரு நகலை வேறு இடத்திலும் வைத்துவிட்டு அப்புறம் மெயிலை நீக்குங்கள்.