எச்எஸ்சி ஆங்கிலத்துக்குத் தயாராவது எப்படி?

எச்எஸ்சி என்பது நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு. சிட்னியில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர், கணக்குக்கும் வேதியியலுக்கும் ஓடுகிற ஓட்டத்தில் ஆங்கிலத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தரவரிசை எண்ணான ஏடாரைக் கணக்கிடும்போது ஆங்கிலத்தின் இரண்டு யூனிட் (பாடத்தின் அளவு) கட்டாயம் சேரும். மற்றப் பாடம் எதற்கும் அந்த இடம் கிடையாது.

முதலில் நேரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2019இல் தொடங்கிய முறைப்படி, ஆங்கிலப் பாடப் பிரிவுகளில் ஒன்றான அட்வான்ஸ்டில் முதல் தாள் 40 மதிப்பெண், ஒன்றரை மணி நேரம். இரண்டாம் தாள் 60 மதிப்பெண், 2 மணி நேரம். முதல் தாளில் இரண்டு பகுதி, இரண்டாவதில் மூன்று. அதாவது ஒரு பகுதிக்கு 40 அல்லது 45 நிமிடம்தான். பாடத்திட்டம் மாறுவதுண்டு, உங்கள் ஆண்டுக்கு உரியதை, தேர்வை நடத்தும் நெசா அமைப்பின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், முன்பின் பார்த்திராத கதை, கவிதை போன்றவற்றைப் படித்துப் பதில் எழுதிப் பழகுங்கள். முதல் தாளின் தொடக்கமே அதுதான். ஒரு கதையில், இறந்த கணவருக்கும் சேர்த்துத் தாய் தட்டு வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆசிரியர் குறியீட்டின் மூலம் துயரத்தைக் காட்டுகிறார்’ என்று எழுதினால் அது எந்தக் கதைக்கும் பொருந்தும். ‘இழப்பை யாரும் வாய்விட்டுச் சொல்லாத வீட்டில் அந்தக் கூடுதல் தட்டுதான் அதைச் சொல்கிறது’ என்று எழுதுங்கள். கதையை நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்பது திருத்துபவருக்குத் தெரியும்.

கட்டுரையை மனப்பாடம் செய்யாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரன். மேற்கோள்களையும் உங்கள் கருத்துகளையும் மனதில் வைத்திருங்கள், போதும். பழைய வினாத்தாளில் ஒரு கேள்வியை எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு கையால் எழுதுங்கள். எழுதியதை ஆசிரியரிடம் காட்டி, அவர் சுட்டிய பத்தியை மட்டும் திரும்ப எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் கூடுதல் பாடமான எக்ஸ்டென்ஷன் 2 எடுத்திருந்தால், மேஜர் வொர்க் என்கிற சொந்தப் படைப்பு தனி உழைப்பு. சிறுகதை, கவிதை, ஆய்வுக் கட்டுரை, நாடகம் என வடிவத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ‘புலம்பெயர்வு’ என்று பெரிதாக எடுக்காமல், ‘பாட்டியோடு தமிழில் பேச வராத பேரன்’ என்கிற அளவுக்குக் குறுக்குங்கள். முதல் நாளிலிருந்தே குறிப்பேடு எழுதுங்கள்: எதைப் படித்தீர்கள், எந்தக் காட்சியை வெட்டினீர்கள், ஏன் வெட்டினீர்கள். இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் படைப்போடு சேர்த்து ரிஃப்ளெக்ஷன் ஸ்டேட்மென்ட் ஒன்றும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முடிவையும் ஏன் எடுத்தீர்கள் என்று அதில் விளக்கும்போது, மாதக்கணக்கில் எழுதி வைத்த அந்தக் குறிப்புகள்தான் கைகொடுக்கும்.