சூடான் 1 சாயத்தின் உருகுநிலை: முதல்முறை பார்க்கிறவர்களுக்கு

அனிலினைக் குளிர்ந்த அமிலத்தில் நைட்ரைட்டோடு வினைபுரியவைத்து டயசோ உப்பாக்கி, பீட்டா நாப்தால் என்ற கரிமச் சேர்மத்தோடு சேர்த்தால் ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஒரு தூள் விழும். அதுதான் சூடான் 1. கல்லூரி ஆய்வகத்தில் பலரும் முதன்முதலாகச் செய்கிற செயற்கைச் சாயம் இது. செய்தாகிவிட்டது, சரி. ஆனால் கையில் இருப்பது சூடான் 1 தானா, சுத்தமாக இருக்கிறதா? நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாதி அழுக்கோடு இருந்தாலும் அதே சிவப்புதான். உருகுநிலைதான் காட்டிக்கொடுக்கும். சுத்தமான சூடான் 1 ஏறக்குறைய 131 முதல் 133 டிகிரி செல்சியஸுக்குள் உருகும்.

தொடங்கும் முன் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். விலங்குச் சோதனைகளில் இந்தச் சாயம் புற்றுநோயை உண்டாக்கியிருக்கிறது. மிளகாய்த்தூளில் இதைக் கலந்தது தெரியவந்ததும் 2003-இல் ஐரோப்பிய ஒன்றியம் அவசரக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2005-இல் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அதனால் தூள் பறக்காமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

முதல் வேலை, உலர்த்துவது. எத்தனாலில் மறுபடிகமாக்கிய (சூடான எத்தனாலில் கரைத்து, ஆறவைத்து மீண்டும் படிகமாக எடுத்த) சாயத்தை வடிதாளில் பரப்பி, ஓர் இரவு டெசிகேட்டரில், அதாவது ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கலத்தில், வையுங்கள். நான் முதல்முறை பார்த்தபோது வடிகட்டிய ஒரு மணி நேரத்திலேயே அவசரப்பட்டுச் சூடாக்கினேன். 118-இல் தொடங்கி 126 வரை இழுத்தது. அதே தூளை மறுநாள் நன்றாகக் காய்ந்தபின் பார்த்தால் 130 முதல் 132. ஒட்டியிருந்த ஈரமும் எத்தனாலும் செய்த வேலை அது.

காய்ந்த சாயத்தைக் கடிகாரக் கண்ணாடியில் போட்டு மாவு மாதிரி பொடியுங்கள். ஒரு முனை மூடிய, மிக மெல்லிய கண்ணாடிக் குழாயான கேபிலரியின் திறந்த வாயைத் தூளுக்குள் அழுத்தி, கொஞ்சம் எடுங்கள். பிறகு ஒரு நீளமான கண்ணாடிக் குழாயை மேசைமேல் நிமிர்த்திப் பிடித்து, மூடிய முனை கீழே இருக்கும்படி கேபிலரியை அதற்குள் விடுங்கள். நாலைந்து தடவை விட்டால் தூள் அடியில் இறுகிவிடும். 2 முதல் 3 மில்லிமீட்டர் உயரம் போதும். அதிகம் போட்டால் அடியும் மேலும் வெவ்வேறு நேரத்தில் உருகும், அளவு அகலமாகத் தெரியும்.

தீலே குழாய் என்பது பக்கத்தில் வளைந்த கை ஒன்று ஒட்டிய கண்ணாடிக் குழாய். அதில் திரவ பாரஃபின் எண்ணெயை, பக்கக் கையின் மேல் இணைப்பு மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். குழாய்க்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது, சூட்டில் எண்ணெய் தெறிக்கும். கேபிலரியை ரப்பர் வளையத்தால் தெர்மாமீட்டரோடு கட்டி, சாயம் பாதரசக் குமிழின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் வரும்படி வையுங்கள். வளையம் எண்ணெய்க்கு நன்றாக மேலே இருக்கட்டும், ஏனென்றால் சூடானதும் எண்ணெய் விரிந்து மேலேறும். தக்கையில் காற்று வெளியேற ஒரு வெட்டு அவசியம்.

பர்னரைப் பக்கக் கைக்கு அடியில் பிடியுங்கள். அங்கே சூடேறும் எண்ணெய் மேலே போய், மறுபக்கம் கீழிறங்கிச் சுற்றுவதால் தனியாகக் கலக்க வேண்டாம். 115 டிகிரி வரை வேகமாக ஏற்றலாம். அதற்கப்புறம் சுடரை எட்டவைத்து, நிமிடத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு டிகிரி. இந்தக் கடைசிப் பதினைந்து டிகிரியில்தான் முழுப் பொறுமையும் வேண்டும். வேகமாக ஏற்றினால் தூளுக்குள் சூடு போய்ச் சேர்வதற்குள் பாதரசம் ஓடிவிடும்.

சாயத்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பென்சாயிக் அமிலம் போன்ற வெள்ளைத் தூள் உருகினால் கண்ணாடிபோலத் தெளியும், யாருக்கும் தெரியும். சிவப்புத் தூள் உருகினால் அடர்ந்த சிவப்புத் திரவம்தான், அதற்குள் திடம் மிச்சமிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது கடினம். அதனால் பின்னால் வெளிச்சம் வைத்து, லென்ஸால் பாருங்கள். முதலில் தூள் சுருங்கிச் சுவரை விட்டு விலகும். அது உருகல் அல்ல. சுவரோரம் முதல் துளி ஈரம் மின்னும்போது ஓர் அளவு, மேற்பரப்பு வளைந்து முழுவதும் திரவமாக வழவழவென்று ஆனபோது இன்னோர் அளவு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் இடையில் ஒன்றிரண்டு டிகிரிதான் வித்தியாசம், அதுவும் 131-க்குப் பக்கத்தில் என்றால் சாயம் சுத்தம். 120-களில் தொடங்கி நீண்டால், பெரும்பாலும் ஈரம் அல்லது வினைபுரியாத பீட்டா நாப்தால். மறுபடி படிகமாக்குங்கள்.

எண் ஒத்துப்போவது மட்டும் போதாது. யூரியாவும் சின்னமிக் அமிலமும்கூட 133-க்கு அருகில்தான் உருகும், ஆனால் இரண்டையும் கலந்தால் வெகுவாகக் கீழிறங்கிவிடும். இதே வழியில், நம்பகமான சூடான் 1 மாதிரி கிடைத்தால் உங்கள் தூளோடு சரிபாதி கலந்து பாருங்கள். உருகுநிலை அசையவில்லையென்றால் இரண்டும் ஒன்றே.

மெத்தில் ஆரஞ்சு என்ற இன்னொரு சாயத்தை மட்டும் இப்படிச் சோதிக்க முயலாதீர்கள். அது உப்பு, தெளிவாக உருகாமல் உயர்ந்த வெப்பத்தில் சிதைந்துபோகும். பாரா ரெட் என்ற சாயமும் 250 டிகிரியை ஒட்டி உருகுவதால் பாரஃபினுக்கு ஆகாது, 200-ஐத் தாண்டினால் பாரஃபின் புகையத் தொடங்கிவிடும். அதற்கு மின்சாரத்தில் சூடாகும் உலோகக் கட்டைக் கருவி வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் புதுக் கேபிலரியில் புதுத் தூள், எண்ணெய் 100-க்குக் கீழே ஆறியபின். மூன்று தடவை பார்த்துவிட்டு, கண்ட அளவை அப்படியே எழுதுங்கள்: "130 – 132 டிகிரி, எத்தனாலில் மறுபடிகமாக்கியது."