துபாய் விமான நிலையத்திலிருந்து 7.5 திர்ஹத்தில் ஊருக்குள் போகலாம்

துபாயில் இறங்கியதும் டாக்சி வரிசையைத் தேடாமல் நேரே மெட்ரோவுக்குப் போய் சில்வர் நோல் கார்டு (மெட்ரோ, பஸ்ஸுக்கான பயண அட்டை) ஒன்று வாங்கிவிடுங்கள். டெர்மினல் 1, 3 இரண்டிலும் ரெட் லைன் நிலையம் உண்டு. விமான நிலையத்தில் ஏறும் டாக்சியின் மீட்டரே 25 திர்ஹத்தில்தான் தொடங்கும், ஆனால் கார்டின் விலையும் அதே 25தான், அதிலும் 19 திர்ஹம் பயணத்துக்கு இருக்கும், புர்ஜ் கலீஃபா பக்கமோ இன்னும் தள்ளி துபாய் மரீனாவோ எங்கே போனாலும் சாதாரணப் பெட்டியில் ஒரு தடவைக்கு 7.5 திர்ஹத்துக்கு மேல் ஆகாது. இறங்கி அரை மணி நேரத்துக்குள் பஸ் மாறினால் அதுவும் ஒரே பயணக் கணக்கு. கூடுதல் கட்டணமுள்ள கோல்டு பெட்டியில் மட்டும் தெரியாமல் ஏறிவிடாதீர்கள், அபராதம் 100 திர்ஹம்.

டெர்மினல் 2-இல் இறங்குபவர்களுக்கு இது உதவாது, அங்கே மெட்ரோ கிடையாது. நள்ளிரவு தாண்டி வரும் விமானம், ஞாயிறு காலை 8 மணிக்கு முன்னால் வந்து சேருவது, ஆளுக்கு ரெண்டு பெரிய பெட்டியோடு குடும்பமாகப் போவது, இதற்கெல்லாம் டாக்சிதான் சரி. ஜூலை, ஆகஸ்டிலும் ஹோட்டல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் மெட்ரோ, அந்த வெயிலில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்க முடியாது.