பெயிண்ட்டைப் பார்த்துப் பழைய கார் வாங்காதீர்கள்

"முழுசா ரெஸ்டோர் பண்ண வண்டி சார், ஒரு ரூபாய் வேலை இல்லை." பழைய அம்பாசடரோ, பியட்டோ, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, எதை விலை பேசப் போனாலும் முதலில் காதில் விழுவது இதுதான். நாலு இடத்தில் பட்டி பார்த்துப் புது பெயிண்ட் அடித்த வண்டியையும் இப்படித்தான் சொல்வார்கள், கடைசி போல்ட் வரை கழற்றிச் சேர்த்த வண்டியையும் இப்படித்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே சில லட்சங்கள் இருக்கின்றன. அதை வாங்குபவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் வண்டியைச் சுற்றிவந்து, ஹார்ன் அடித்து, மனசைப் பறிகொடுத்த பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கிறார்கள். முதல் தவறே இதுதான். டிங்கர் வேலையைக் காசு கொடுத்துச் சரிசெய்யலாம், காகிதத்தை அப்படிச் செய்ய முடியாது. ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அவர் காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும், விற்கிற பேரனோ பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்பார். அவர் கையெழுத்து செல்லாது. வாரிசுகள் பெயருக்கு மாற்றிய பிறகுதான் உங்கள் பெயருக்கு வரும். அத்தையோ சித்தப்பாவோ ஒருவர் மறுத்தாலும் வண்டி உங்கள் வீட்டிலும் ஆர்.சி. அவர்கள் வீட்டிலுமாக நிற்கும்.

தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குத்தான். அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும், அதைப் பாருங்கள். பழைய மூன்றெழுத்து எண் உள்ள வண்டியென்றால், அது ஆன்லைன் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏறாவிட்டால் அந்த வேலையை விற்பவர் முடித்துத் தரட்டும். சேஸிஸ் எண்மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நீங்களே ஒரு பிரதி எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் தகடு புதிதாகத் தெரிந்தாலோ, எழுத்துகள் கோணலாக இருந்தாலோ பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

எஞ்சின் எண்ணில் வேறொரு சிக்கல். அம்பாசடரின் இரண்டாவது வடிவமான மார்க் 2-இல் இருந்தது 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். அதை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினோ, 1990-களில் வந்த இசுசு 1.8 லிட்டரோ ஏற்றுவது நம் ஊரில் சர்வசாதாரணம். ஓட்ட நன்றாகவே இருக்கும். ஆனால் எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். தயாரிப்பாளர் தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே கறாராகச் சொல்லிவிட்டது.

வின்டேஜ் பதிவுக்கும் இது இடிக்கும். 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் 'வி.ஏ.' வரிசை எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். வி.ஏ. எண் இருந்தால் மதிப்பு கூடும் என்று சொல்லி விற்பார்கள். அந்த எண்ணோடு தினமும் ஆபீஸ் போக முடியாது என்பதைச் சொல்ல மாட்டார்கள். கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டுப் போட்ட காசை எடுக்கலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு இது ஆகவே ஆகாது.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய இடம், டிக்கியின் கீழ் ஓரம் என்று வரிசையாக ஒட்டிப் பாருங்கள். நல்ல தகடு காந்தத்தைப் பிடித்து இழுக்கும். வழுக்கி விழுகிற இடத்தில் உள்ளே பட்டிதான் இருக்கிறது, தகடு இல்லை. அடுத்து உள்ளே கால்மிதியைத் தூக்கிப் பெடலுக்கு அடியில் கை வையுங்கள். புதிதாகத் தாரைப்போலக் கெட்டியாகப் பூசியிருந்தால் சந்தேகப்படுங்கள், துருவை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை. கூடுமானால் லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்று வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

எங்கே துரு பிடித்திருக்கிறது என்பது மாடலைப் பொறுத்தது. அம்பாசடரிலும், பியட்டின் பிந்தைய பெயரான பத்மினியிலும் அடியில் சேஸிஸ் என்ற தனிச் சட்டம் கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. கதவடிப் பட்டை உளுத்துப்போனால் வண்டியே தொய்யும். ஜாக்கி வைத்து ஒரு பக்கம் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் இருந்தபோது சுலபமாக மூடிய கதவு இப்போது இடித்தால், பெயிண்ட்டுக்குக் கீழே எலும்பு போய்விட்டது. ஹெரால்டு வேறு மாதிரி. அதில் தனி சேஸிஸ் மேல் பாடியை போல்ட் போட்டிருப்பார்கள், அதனால் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டுக் காட்டுவதும் பழைய வித்தை. போனவுடன் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வரலாம். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகிற விதமும், பின்னால் நீலப் புகை வருகிறதா என்பதும்தான் நமக்கு வேண்டியவை.

எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்து சின்னச் சின்னச் சாமான்களைக் கோட்டை விடுபவர்கள் அதிகம். "டெயில் லைட் கண்ணாடி மட்டும் இல்லை, புதுப்பேட்டையில் கிடைக்கும்" என்று சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையைக் காட்டுவார்கள். பிஸ்டன், பேரிங் தேடிப் பிடித்துவிடலாம், இல்லையென்றால் லேத்தில் செய்துகொள்ளலாம். ஹெரால்டின் முன் கண்ணாடியையும் குரோம் பட்டையையும் எந்த லேத்தில் செய்வது? 2014 வரை தயாரான அம்பாசடருக்கும், 2023 வரை மும்பையில் டாக்சியாக ஓடிய பத்மினிக்கும் பரவாயில்லை. அம்பாசடரில் இன்னொன்றும் கவனியுங்கள். மார்க் 4-இன் கிரில்லை மாற்றி மார்க் 1 என்று விற்பவர்கள் உண்டு. மார்க் 2 வந்ததே 1963-இல். ஆர்.சி.யில் 1982 என்று இருக்கும் வண்டி எப்படி மார்க் 1 ஆகும்? அசல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, கோவை அவினாசி சாலையில் உள்ள ஜீடி கார் மியூசியத்தில் அரை நாள் சுற்றிப் பாருங்கள்.

விலை பேசும்போது, "நான் இவ்வளவு செலவு பண்ணியிருக்கேன்" என்பதற்கு மயங்கிவிடாதீர்கள். அது அவர் ஆசைக்குச் செய்த செலவு. வேலை நடந்தபோது எடுத்த போட்டோக்களையும் பில்களையும் கேளுங்கள். தகடு வெட்டி வெல்ட் வைத்த போட்டோ ஒன்றுகூட இல்லாத ரெஸ்டோரேஷன், பெயிண்ட் கடையோடு முடிந்த ரெஸ்டோரேஷன்.

கடைசியாக, வாங்கிய அன்றே ஊருக்கு ஓட்டிக்கொண்டு போவது. நிறுத்தி வைத்தே இருந்த வண்டியின் டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம், நன்றாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2312 என்றால் 2012-இன் 23-ஆவது வாரம். அவ்வளவு பழைய டயரோடு நெடுஞ்சாலையில் ஏறுவதும் சரி, பழைய பிரேக் ஹோஸை நம்புவதும் சரி, உயிரோடு விளையாடுவதுதான். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் பைப்பை அது இளக வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். டேங்கில் துரு இருந்தால் கார்புரேட்டர் ஜெட்டில் போய் அடைக்கும். வண்டியை டிரக்கில் ஏற்றி நேராக உங்கள் மெக்கானிக்கிடம் இறக்குங்கள். பெட்ரோல் பைப், பிரேக் ஹோஸ், ஃபேன் பெல்ட், டயர் எல்லாம் மாற்றி முடிகிற வரை சாவி அவரிடமே இருக்கட்டும்.